பச்சைப் போர்டுக்கு யார் பொறுப்பு?

30 ஜூன் 2024, ஞாயிறு

முதல் ஷிப்ட். மைன்ஸில் நிலக்கரி பெல்ட் எட்டு மணி நேரமும் ஓடியது. கோளாறு இல்லை. பக்கத்து லைனில் ஒரு ரோலர் கிரீச்சென்றது, அடுத்த ஷிப்ட் ரிலீவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில்தான் கோளாறு. சந்திரா மூன்று நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு வைக்கிறாள், குழம்பு ஊற்றுகிறாள், "போதுமா" என்றுகூடக் கேட்பதில்லை. காரணம் நான்தான். மகள் இசைப்பிரியாவின் காலேஜ் விண்ணப்பத்தில் 'மாற்றுத்திறனாளியா?' என்று ஒரு கட்டம் இருந்தது. 'இல்லை' என்று டிக் அடித்தேன். பெண்ணுக்கு ஆட்டிசம் என்று மெடிக்கல் போர்டு கொடுத்த அட்டை பீரோவில், என் யூனிஃபார்முக்கு அடியில் கிடக்கிறது.

"முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கப் பாக்கறீங்க." சந்திரா கடைசியாகப் பேசியது அதுதான்.

முதலில் போன காலேஜில் உண்மையைத்தானே சொன்னோம்? அந்த ஆபீஸ்காரர் சிரித்த முகமாகவே ஃபைலை மூடி எங்கள் பக்கம் தள்ளினார். "இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு இங்க வசதி இல்லீங்க சார். தபால்ல படிக்க வைங்களேன்." பிளஸ் டூவில் நானூற்று எழுபத்தொன்று எடுத்த பெண் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மேசைமேல் இருந்த மணிபிளாண்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "அதுக்குத் தண்ணி அதிகமா ஊத்துறாங்கப்பா, வேர் அழுகுது" என்றாள்.

மைன்ஸில் எனக்கு முப்பத்தோரு வருஷம். ஃபைலில் ஒரு வார்த்தை ஏறினால் என்ன ஆகும் என்று பார்த்தவன். கலியனுக்குக் காது மந்தம் என்று மெடிக்கலில் எழுதினார்கள். மெஷினிலிருந்து இறக்கி, ஸ்டோரில் கையுறை எடுத்துக் கொடுக்கும் வேலை. அதன்பிறகு அவன் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 'அந்த அன்ஃபிட்டு' என்றுதான் சொன்னோம். நானும் சொல்லியிருக்கிறேன். என் பெண்ணுக்கு அது வேண்டாம்.

3 ஜூலை, புதன்

முதல் நாள். ஆஃப் போட்டுவிட்டு நானே கொண்டுபோய் விட்டேன். முத்தாண்டிக்குப்பம் தாண்டி, முந்திரித் தோப்பை ஒட்டி காலேஜ். பி.எஸ்சி. தாவரவியல். கேட்டில் வாட்ச்மேனைப் பார்த்ததும் வயிற்றில் பால் வார்த்தது. இன்னாசிமுத்து! மைன்ஸில் கான்ட்ராக்டில் இருந்தவன், என்னை அண்ணே என்பான். "நம்ம பாப்பாவாண்ணே? நான் பாத்துக்கறேன், நீ போ" என்றான். அவனிடமும் விஷயத்தைச் சொல்லவில்லை.

வகுப்பறையைவிட முக்கியமான ஒன்றைத் தேடினேன். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால், உடைந்த பெஞ்சுகள் குவித்திருக்கிற இடத்தில் கிடைத்தது. பச்சைப் போர்டு, நாலு பக்கத்திலிருந்தும் அம்புக்குறி, நடுவில் ஆட்கள் படம். அசெம்பிளி பாயிண்ட். அவளைக் கூட்டிப்போய்க் காட்டினேன். "இங்க இதான்" என்றேன். அவள் சுற்றிலும் பார்த்து, "சரி" என்றாள். அவள் தோள் இறங்கியது. என் தோளும்தான்.

எங்கள் வீட்டு விதி அது. அவளுக்கு ஏழு வயசில் டவுன்ஷிப் ஆர்ச் கேட் பக்கம் ஒரு கல்யாண ஊர்வலத்தில் சரவெடி போட்டார்கள். கையை உதறிக்கொண்டு ஓடினாள். மெயின் ரோட்டில் லாரி பிரேக் பிடித்து நின்றது, அவளுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும். அடித்தும் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுத்தேன். மைன்ஸில் சைரன் அடித்தால் ஓடக் கூடாது. அசெம்பிளி பாயிண்டுக்கு நடந்து போகணும். நிக்கணும். ஒருத்தர் முன்னாடி வந்து தலை எண்ணி, பேர் கூப்பிட்டு, 'கிளியர்' சொல்ற வரைக்கும் அசையக் கூடாது. சத்தம் தாங்க முடியலைன்னா, பயமா இருந்தா, அதான் சைரன். புரிந்துகொண்டாள். வீட்டில் வாசல் லைட் கம்பம், ஸ்கூலில் கொடிக்கம்பம். பி.டி. மாஸ்டரிடம் சொல்லி வைத்திருந்தேன், அவர் வந்து எண்ணுவார். பதினோரு வருஷத்தில் ஒருநாளும் ஓடியதில்லை.

இங்கே யார் எண்ணுவார்கள் என்று ஆபீஸில் கேட்க வாய்வரை வந்தது. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள். போர்டு என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு ஆள் இருக்காமலா போவான் என்று வந்துவிட்டேன்.

படிவத்தில் என் நம்பர் மட்டும் கொடுத்திருக்கிறேன். சந்திராவுக்குப் போன் போனால் உளறிவிடுவாள்.

11 ஜூலை, வியாழன்

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இன்றோடு எட்டு நாள். போன் வரவில்லை.

29 ஜூலை, திங்கள்

வகுப்பில் எழுபது பேர். ஃபேன் ஒன்று கடகடவென்று ஆடுகிறதாம். காதைப் பொத்திக்கொண்டு பாடம் கேட்டிருக்கிறாள், பின் பெஞ்சில் சிரித்திருக்கிறார்கள். "மஞ்சள் மஃப் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டாள். வீட்டில் மிக்ஸி ஓடும்போது போட்டுக்கொள்வது. ஹெட்போன் மாதிரி பெரிசு, ஊரே பார்க்கும்.

வேண்டாம் என்றேன். மைன்ஸில் நாங்கள் போடுகிற ஆரஞ்சு ஸ்பாஞ்ச் பிளக் ஒரு ஜோடி கொடுத்தேன். இரண்டையும் சேர்த்து நீலக் கயிறு இருக்கும், கழுத்தில் தொங்கும். கயிற்றைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டேன். "முடியால மறைச்சுக்கோ. யாருக்கும் தெரியக் கூடாது" என்றேன். தலையாட்டினாள்.

இது அவளுக்குச் செய்கிற நல்லதா, எனக்கா?

6 செப்டம்பர், வெள்ளி

பெற்றோர் கூட்டம். தாவரவியல் மேடம் பெயர் ஜெனிஷா. சின்ன வயசு, முப்பது இருக்கும். இசைப்பிரியா வரைந்த இலைகளைக் காட்டினார். ஒவ்வொரு நரம்பும் இருக்கிறது. "இந்தப் பிள்ளை யார்கிட்டயும் பேச மாட்டேங்குது சார். ஆனா நான் கரும்பலகைல தப்பாப் போட்டா எழுந்து நின்னு சொல்லுது" என்று சிரித்தார். சிரிப்பில் விஷமம் இல்லை. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எங்ககிட்ட ஏதாவது சொல்லணுமா சார்? தெரிஞ்சா நாங்க நடந்துக்கற விதமே வேறயா இருக்கும்" என்றார்.

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "ஒண்ணுமில்லீங்க மேடம், கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்றேன்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். பைக்கில் திரும்பும்போது இரண்டு தடவை கியர் மாறிப்போனது.

31 அக்டோபர், வியாழன்

தீபாவளி. இசைப்பிரியா காலையிலிருந்து பாத்ரூமில், மஞ்சள் மஃப் போட்டுக்கொண்டு, பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து படிக்கிறாள். இசைப்பிரியா என்று பெயர் வைத்தவன் நான். வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று சந்திரா கேட்டாள். பேச ஆரம்பித்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன்.

பரீட்சைக்கு இரண்டு வாரம்.

13 நவம்பர், புதன்

நாளைக்கு முதல் பரீட்சை. லீவ் கேட்டேன், ஏற்கெனவே இரண்டு பேர் லீவாம். முதல் ஷிப்ட் போயே ஆகணும். அவள் ஹால் டிக்கெட், பேனா, பிளக் மூன்றையும் வரிசையாக வைத்துவிட்டுத் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. வெளிப்படையாகப் பயப்படக்கூட வழியில்லை, சந்திரா பார்ப்பாள்.

14 நவம்பர், வியாழன்

கிடைச்சிட்டா. உயிரோட இருக்கா. எழுத வரலை.

15 நவம்பர், வெள்ளி

நேத்து நடந்ததை லாக் புக் மாதிரி எழுதிப் பாக்கறேன். அப்படித்தான் எழுத வரும்.

பத்து மணி. பரீட்சை ஆரம்பம். பத்தே கால். கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் போட்டாங்க. அது அந்த ஹால் ஜன்னலுக்கு எதிரேயே இருக்கு. அப்பவும் பிளக் போட்டுகினு எழுதிகினுதான் இருந்திருக்கா. பத்தரை. பறக்கும் படை வந்துது. வந்த அம்மா இவ முடியை ஒதுக்கிப் பாத்து, காதுல என்னன்னு கேட்டு, பதில் வர்றதுக்குள்ள கையை விட்டு இழுத்துட்டாங்க. புளூடூத்தோன்னு நினைச்சிருக்காங்க. கயிறு இருந்திருந்தா இந்த ஊர்ல யாருக்கும் ஒரு பார்வையில தெரியும், இது மைன்ஸ்காரன் பிளக்குன்னு. நான்தானே வெட்டினேன்.

"யார் குடுத்தா?"ன்னு கேட்டிருக்காங்க. "அப்பா. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சொன்னார்"னு சொல்லியிருக்கா. அதை அப்படியே எழுதிகிட்டாங்க. பேப்பரைப் பிடுங்கிட்டாங்க. ஜெனரேட்டர் சத்தம் வேற. பத்து நாப்பதுக்கு எழுந்து ஹாலை விட்டு நடந்து போயிருக்கா. ஓடலை, நடந்துதான் போனாள்னு எல்லாரும் சொல்றாங்க.

அதுக்கப்புறம் நாலரை மணி நேரம் ஒண்ணும் இல்லை.

பதினோரு மணிக்கு மழை பிடிச்சுது. அந்த நேரத்துல நான் கேபின்ல உக்காந்து டீ குடிச்சுகினு இருந்தேன். போன் லாக்கர்ல. ரெண்டு மணிக்கு வர வேண்டிய ரிலீவர் இருபது நிமிஷம் லேட், அவனைக் கிண்டல் பண்ணிட்டு சாவகாசமா இறங்கி வந்து லாக்கரைத் திறந்தா பதினேழு மிஸ்டு கால். ஒரே நம்பர் குடுத்திருந்தேனே, என்னோடது. சந்திரா வீட்டுல நிம்மதியா வடகம் வறுத்துகிட்டு இருந்திருக்கா.

திருப்பிக் கூப்பிட்டா பொண்ணைக் காணோம்னாங்க. எப்படி வண்டி ஓட்டினேன்னு தெரியலை. கேட்ல இன்னாசிமுத்து தொப்பலா நனைஞ்சு நிக்கறான். "கேட்டைத் தாண்டலண்ணே. நான் இங்கியேதான் நின்னுகினு இருக்கேன், மாதா மேல சத்தியமா தாண்டல. பாத்ரூம், லைப்ரரி, தோப்பு, எல்லாம் தேடியாச்சு. கெணத்துலகூட ஆள் வுட்டுப் பாத்துட்டோம்." கெணறுன்னு அவன் சொன்னதும் ஹேண்டில்பாரைப் பிடிச்சுகினு நின்னேன். அப்பத்தான் உறைச்சுது.

"பச்சைப் போர்டு கிட்ட பாத்தியா?"

"எந்த போர்டு? சைக்கிள் ஸ்டேண்டு பின்னாடியா? அங்க ஒடைஞ்ச பெஞ்சுதாண்ணே கெடக்குது."

அங்கதான் நின்னுகினு இருந்தா. போர்டுக்கு நேர் கீழே. கை ரெண்டும் பக்கத்துல. மழைக்கு ஒதுங்கலை. உதடு நீலமாப் போயிருந்தது. கையில ஹால் டிக்கெட் கூழாயிருந்தது. சுடிதார்லேயே ஒண்ணுக்குப் போயிருக்கா, மழையில அது யாருக்கும் தெரியாதுங்கறது ஒண்ணுதான் ஆறுதல். என்னைப் பாத்ததும், "ஹெட் கவுண்ட் எடுக்க யாரும் வரலப்பா" என்றாள்.

"கூப்பிட்டாங்களேம்மா... உன் பேரைச் சொல்லி எல்லாரும் கத்துனாங்களே..."

"கேட்டுது. கத்துறது ஹெட் கவுண்ட் இல்லப்பா."

கையைப் பிடிச்சு இழுத்தேன், வரலை. விதியைச் சொல்லிக்குடுத்தவனே மறந்துட்டேன். தள்ளிப் போய் எதிர்ல நின்னேன். "இசைப்பிரியா"ன்னு கூப்பிட்டேன். "இருக்கேன்"னா. "கிளியர்"னேன். அப்புறம்தான் காலை எடுத்தா. எடுத்த கால் மடங்கி என் மேலயே விழுந்தா.

நான்தான் நிக்கச் சொன்னேன். நான்தான் மறைக்கச் சொன்னேன். அவ ரெண்டையும் ஒழுங்கா செஞ்சிருக்கா.

16 நவம்பர், சனி

காய்ச்சல் நூற்று இரண்டு. சந்திரா பீரோவைத் திறந்து யூனிஃபார்ம்களை எல்லாம் தரையில் எறிந்தாள். அட்டையைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். "இதை எடுத்துகிட்டு நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?" அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

19 நவம்பர், செவ்வாய்

கடிதம் வந்துவிட்டது. தேர்வு முறைகேடு, அனுமதியின்றி ஹாலை விட்டு வெளியேறியது. 21-ஆம் தேதி பெற்றோருடன் விசாரணைக்கு வரவும். மூன்று பருவம் பரீட்சை எழுத முடியாமல் போகலாம் என்று இன்னாசிமுத்து கேள்விப்பட்டிருக்கிறான். டி.சி.யே கொடுத்துவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதன்பிறகு? வீடு, லைட் கம்பம், மிக்ஸி. எனக்கும் சந்திராவுக்கும் அப்புறம்?

இசைப்பிரியா கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள். அறைக்குப் போய் ஏதோ எழுதுகிறாள்.

21 நவம்பர், வியாழன்

பிரின்சிபால், தேர்வு அதிகாரி, ஜெனிஷா மேடம், ஆபீஸ் மேனேஜர். எதிரில் நாங்கள் மூன்று பேர். அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன். விரல் ஒட்டிக்கொண்டது போல் இருந்தது.

பிரின்சிபால் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்?"

"சொன்ன எடத்துல சேத்துக்கலீங்க." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

தேர்வு அதிகாரி விடவில்லை. "அன்னிக்கு இந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆயிருந்தா யார் பதில் சொல்றது? தப்பா எடுத்துக்காதீங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். டி.சி. வாங்கிட்டு வேற எடம் பாருங்க."

பயந்த வார்த்தை வந்தேவிட்டது. ஜெனிஷா மேடம் ஏதோ சட்டத்தைப் பிரிண்ட் எடுத்து வந்திருந்தார். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கூடுதல் நேரம் உண்டு, தேவையானால் எழுதித்தர ஆள் உண்டு, சேர்க்க மாட்டேன் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்று படித்தார். "இது நாம காட்டற தயவு இல்லை சார்" என்றார். மேடத்துக்கே வேலை நிரந்தரமில்லை என்று எனக்குத் தெரியும்.

பிரின்சிபால் இசைப்பிரியாவிடம், "நீ ஏதாவது சொல்றியாம்மா?" என்றார். அவள் தாளை எடுத்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் வாசித்தாள்.

"முதல் கேள்வி. அந்தப் பச்சை போர்டுக்கு யார் பொறுப்பு?"

பிரின்சிபால் தேர்வு அதிகாரியைப் பார்த்தார். அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கழுத்தைச் சொறிந்துகொண்டு, "அது போன வருஷம் இன்ஸ்பெக்‌ஷனுக்காக வச்சதுங்க சார்" என்றார்.

"அப்ப அது பொய்யா?" என்று கேட்டாள். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான். பிறகு தொடர்ந்து வாசித்தாள். "நான் ஹாலை விட்டு வெளியேறல. காலேஜ் எங்க போய் நிக்கணும்னு போர்டு வச்சிருக்கோ அங்க போய் நின்னேன். நாலு மணி முப்பத்தஞ்சு நிமிஷம் நின்னேன். அப்பா ஃபார்ம்ல 'இல்லை'ன்னு எழுதினதும் பொய்தான். ரெண்டு பக்கமும் ஒரு பொய் இருக்கு. சரியாப் போச்சு. இனிமே எனக்கு வேணும்ங்கறது நாலு. ஜெனரேட்டர் இல்லாத பக்கம் ரூம். காதுல பிளக். ஹால் மாத்தினா முந்தின நாளே சொல்லணும். போர்டுக்கு ஒரு ஆள்."

தாளை மடித்து வைத்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பயமும் பெருமையும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முடிவைப் பிறகு சொல்கிறோம் என்றார்கள்.

22 நவம்பர், வெள்ளி

போன் வரவில்லை.

25 நவம்பர், திங்கள்

வரவில்லை. கேபினுக்குள் போனைக் கொண்டுபோக முடியாது. ரெண்டு மணிக்கு லாக்கரைத் திறந்ததும் போனைத்தான் முதலில் பார்க்கிறேன்.

9 டிசம்பர், திங்கள்

கூப்பிட்டார்கள். நானும் சந்திராவும் போனோம். முறைகேடு என்பதை எடுத்துவிட்டார்களாம், அந்தப் பேப்பரையும் விட்டுப்போன மற்ற பேப்பர்களையும் ஏப்ரலில் எழுதலாம். அந்த நிமிஷம் பிரின்சிபால் காலில் விழச் சொன்னாலும் விழுந்திருப்பேன். ஒரு தாளை நீட்டினார்கள். 'மாணவிக்கு வளாகத்தில் எது நேர்ந்தாலும் கல்லூரி பொறுப்பல்ல.' கீழே அப்பா கையெழுத்து. நான் பேனாவைத் திறந்துவிட்டேன்.

சந்திரா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "யார் பொறுப்புன்னுதானே சார் எம் பொண்ணு கேட்டா? இதான் பதிலா?"

ஐயோ, கெடுத்துட்டாளே என்று நினைத்தேன். பிரின்சிபால் அந்தத் தாளை இன்னொரு தடவை படித்தார். பிறகு திரும்ப வாங்கிக்கொண்டார். "நீங்க போங்கம்மா. பொண்ணு காலேஜ் வரட்டும்" என்றார்.

8 ஜனவரி 2025, புதன்

புது வருஷம், புது கம்பெனி டைரி. இசைப்பிரியா மறுபடி போக ஆரம்பித்துவிட்டாள். சாயங்காலம் நான் போய்ப் பார்த்தேன். உடைந்த பெஞ்சுகளை அள்ளிவிட்டார்கள். போர்டைப் பிடுங்கி, இன்னாசிமுத்துவே சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கூரைக்குக் கீழே நட்டிருக்கிறான். "மழைக்காவது ஒதுங்கட்டும்ணே" என்றான். அன்று பின்பக்கம் போய்ப் பார்க்காதது அவனை அரித்துக்கொண்டிருக்கிறது. போர்டுக்கு அடியில் ஒரு தாள், பிளாஸ்டிக் கவரில்: 'பொறுப்பு: ஜெனிஷா, தாவரவியல் துறை.' போன் நம்பரும் இருந்தது.

ஆனாலும் பயம் போகவில்லை. மேடம் லீவ் போட்டால்?

19 பிப்ரவரி, புதன்

சாப்பிடும்போது இசைப்பிரியா, "இன்னிக்கு ரெண்டு பேர்" என்றாள். எங்கே? போர்டில். கணினித் துறைப் பையன், பெயர் இனியன். எழுத்துகள் அவனுக்கு இடம் மாறி மாறித் தெரியுமாம். எல்லார் முன்னாலும் சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள், முடியவில்லை, நேரே அங்கே வந்து நின்றுவிட்டான். இவள் போர்டில் நிற்பதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள் போல. மேடம் வந்து இரண்டு பேரையும் எண்ணி, கிளியர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"அவன் அழுதான். நான் ஒண்ணும் பேசல. பக்கத்துல நின்னேன்" என்றாள். ரசம் கேட்டாள்.

23 ஏப்ரல், புதன்

அன்று பிடுங்கிய பேப்பர் இன்று. லீவ் போட்டுவிட்டு, காலேஜுக்கு எதிரே டீக்கடையில் பஜ்ஜிச் சட்டிக்குப் பின்னால் ஒன்பது மணியிலிருந்து உட்கார்ந்திருந்தேன். அவளுக்குத் தெரியாது. தனி ரூம், கீழ்த்தளம், ஒரு மணி நேரம் கூடுதல். பிளக்கில் இந்தத் தடவை கயிற்றை வெட்டவில்லை. பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் சத்தம் ரோடுவரை வந்தது. டீ கிளாஸை இறுக்கிப் பிடித்ததில் விரல் கன்றிவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. இரண்டேகாலுக்குக் கழுத்தில் நீலக் கயிறு ஆட வெளியே வந்து, பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அவள் போன பத்து நிமிஷம் கழித்து நான் போனேன்.

18 ஜூன், புதன்

தாவரவியல் எண்பத்து மூன்று. ஆங்கிலம் நாற்பத்தொன்று. பாஸ்.

13 நவம்பர், வியாழன்

போன வருஷம் இதே சமயம் நடந்தது இன்னும் மறக்கவில்லை. இன்று பரீட்சைகூட இல்லை, ஆனாலும் ஒவ்வொரு ஆஃப் நாளும் போல இன்றும் டீக்கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மணிக்கு உள்ளே சைரன். மைன்ஸ் சைரன் மாதிரியே, விட்டு விட்டு. டீ மேலே கொட்டியது. ஓடினேன். ஐம்பத்தாறு வயசு, ரோட்டில் வண்டி வருதா போகுதான்னுகூடப் பாக்கலை. "அண்ணே, டிரில்லுண்ணே! சும்மா டிரில்லு!" என்று இன்னாசிமுத்து கத்தினான். காதில் ஏறவில்லை.

சைக்கிள் ஸ்டாண்டுக்கு முன்னால் பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். நூறு, நூற்றைம்பது பேர். ஜெனிஷா மேடம் ஓரமாக நின்றிருந்தார். முன்னால் அட்டையில் தாளைச் செருகி வைத்துக்கொண்டு, கழுத்தில் நீலக் கயிற்றோடு, இசைப்பிரியா பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. ஒவ்வொருத்தர் எதிரிலும் போய் நின்று கூப்பிட்டாள். அவர்களும் கேலி செய்யாமல் "இருக்கேன்" என்றார்கள்.

கடைசி வரிசைக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். சட்டை முழுக்க டீ. கடைசிப் பெயரையும் முடித்துவிட்டு நேரே என் எதிரில் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தாள்.

"ராஜாங்கம்?"

என் பெயரைத்தான் கூப்பிட்டாள். அவள் காத்திருந்தாள்.

"இருக்கேன்" என்றேன்.

தாளின் அடியில் ஏதோ எழுதினாள். "கிளியர். ஏப்ரல்லேர்ந்து டீக்கடைல உக்காந்திருக்க. போதும். வூட்டுக்குப் போப்பா, நான் பஸ்ல வந்துக்கறேன்."

வந்துவிட்டேன். இப்போது மணி நாலு நாற்பது. அவள் பஸ் ஐந்தரைக்கு. வாசல் லைட் கம்பத்துக்கிட்டே போய் நிற்கவில்லை. உள்ளே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.